கோழிக்கொட்டில் விலாசம்

அந்தோனிதாசன் அந்தக் கடிதத்தை நான்கு நாட்களாக மேற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறார். ஐந்தாம் நாள் சனிக்கிழமை. கொட்டுகிற மழைக்குள் மொப்பெட்டில், டென்மார்க்கில் நாங்கள் இருந்த சில்க்போர்க் நகருக்கு வந்து எங்கள் கதவைத் தட்டினார். 1988 செப்டெம்பர் மாதம் அது. நான் அப்போது அகதிகளுக்கு உதவும் சங்கத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ராசமலர் என்ற என் பெயர் அந்தப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்குத் தெரியும். விளங்காத கடிதம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

ஈரமான கடித உறையை மேசையில் வைத்துவிட்டு அவர் உட்காராமல் நின்றார். கடிதத்தை முழுதாக வாசிக்கிற அளவுக்கு அவருக்கு டெனிஷ் இல்லை. ஒரேயொரு சொல் மட்டும் விளங்கியிருந்தது. 'உலவ்லி'. சட்டவிரோதம். பத்திரிகைகளில் தமிழரைப் பற்றி எழுதும்போதெல்லாம் அந்தச் சொல் வந்ததால் அதைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்கப் பழகியிருந்தார்.

"தங்கச்சி, நம்மளத் திருப்பி அனுப்பப் போறாங்க போல இரிக்கு" என்றார்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். கடிதத்தை அனுப்பியது அம்ற், அதாவது மாவட்ட சபை. அதன் நிலத் திட்டமிடல் பிரிவு அவர் இருந்த வீட்டின் சொந்தக்காரிக்கு எழுதி, குடியிருப்பவர் என்ற முறையில் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தது. பயிர்ச்செய்கை நிலத்தில் நிற்கும் ஒரு கட்டடம் அனுமதியில்லாமல் வீடாகப் பாவிக்கப்படுவதாகத் தெரிகிறது, ஒக்டோபர் பதினோராம் திகதி ஓர் அலுவலர் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

சட்டவிரோதம் என்றது கட்டடத்தைத்தான், அவரை அல்ல என்று விளங்கப்படுத்தினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வீடு சட்டவிரோதம் என்றால் அதற்குள் இருக்கிற ஆள் யார் என்று கேட்டார்.

அந்தோனிதாசன் வாழைச்சேனை ஆள். அங்கே காகித ஆலையில் பதினாறு வருடம் வேலை செய்தவர். எண்பத்தைந்தின் கடைசியில் தனியாக டென்மார்க்குக்கு வந்தார். மனைவி றெஜினாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் மட்டக்களப்பில் றெஜினாவின் தங்கை வீட்டில் இருந்தார்கள். மூத்தவள் றோசலின், இளையவள் மேரிகிறேஸ். இவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்ததும் எண்பத்தேழு மார்ச்சில் மூவரையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். ஆறு மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு முன்னால் போட்டவர்களின் குடும்பங்கள் அப்படித்தான் வந்திருந்தன.

ஆனால் எண்பத்தேழு முடிந்தது, ஒரு பதிலும் வரவில்லை. விசாரித்துக் கடிதம் போட்டால், பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு வரி வரும். காரணம் தெரியாத இடத்தில் சனம் தாங்களாக ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும். தனி வீடு காட்டினால்தான் குடும்பத்தை விடுவார்கள் என்று ரண்டர்ஸ் நகரப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. அந்தோனிதாசன் அப்போது இன்னும் மூன்று ஆண்களோடு ஒரு சிறிய வீட்டில் இருந்தார். கதையைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை.

வீடு வாடகைக்கு என்று கடை வாசலில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்துத்தான் மாக்கிரட்டின் பண்ணைக்குப் போனார். சில்க்போர்க்குக்கும் விபோர்க்குக்கும் இடையில், தார் றோட்டிலிருந்து வயலுக்குள் இறங்கிப் போகிற இடம். மாக்கிரட் அறுபது தாண்டிய டெனிஷ் விதவை. புருஷன் இருந்த காலத்தில் பழைய கோழிக்கொட்டிலைத் திருத்தி, இரண்டு அறையும் சமையலறையும் எண்ணெய் அடுப்பும் வைத்து, வேலையாளுக்கு வீடாக்கியிருந்தார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்தோனிதாசனுக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்டது தனிக் கதவு, தனி விலாசம், இரண்டு அறை. எண்பத்தெட்டு ஏப்ரலில் குடிபோனார். வீட்டைப் படம் எடுத்து, அறைகளின் நீள அகலத்தைத் தானே வரைந்து, விண்ணப்ப இலக்கத்தோடு கொப்பன்ஹேகனில் இருந்த குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினார். இனிப் பதில் வரும் என்று காத்திருந்தார்.

வந்தது இந்தக் கடிதம்.

அவருடைய பயம் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அவருடைய கணக்கில் எல்லா அரசாங்க மேசையும் ஒரே மேசை. அம்ற்றில் இந்த விலாசத்தைச் சட்டவிரோதம் என்று எழுதினால், அடுத்த நாளே கொப்பன்ஹேகனில் றெஜினாவின் கோப்பிலும் அந்தச் சொல் ஏறிவிடும் என்று நம்பினார். வீட்டைப் பார்க்க ஆள் வருவது அதைவிடப் பெரிய பயம். ஊரில் ஒரு சுற்றிவளைப்புக்குப் பிறகு ஆமிக்காரர் வந்து வீடுகளுக்கு இலக்கம் போட்டு, உள்ளே எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு கிழமையில் அந்த ஒழுங்கையில் ஏழு வீடு எரிந்தது. அளந்து, எழுதி, படம் எடுக்கிற ஆட்கள் வந்துபோனால் பிறகு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்தது அதுதான். இது வேறு நாடு என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆனால் அந்த வாரமே உடுப்பையும் பத்திரங்களையும் ஒரு பையில் கட்டிக் கதவடியில் வைத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன்.

மாக்கிரட்டும் பயந்துதான் போயிருந்தாள். குற்றப்பணம் கட்ட வேண்டி வருமோ, பண்ணையில் கைவைப்பார்களோ என்று அவளுக்கு நடுக்கம். ஒரு பின்னேரம் கேக்கும் கோப்பியும் கொண்டுவந்து இவருக்கு முன்னால் வைத்து, கையால் சைகை காட்டி, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் போட்டுக் கதைத்தாள். அலுவலர் கேட்டால் இங்கே குடியிருக்கவில்லை என்று சொல்ல வேண்டுமாம். பகலில் வந்து தோட்டவேலை செய்துவிட்டுப் போகிற ஆள் என்று சொன்னால் போதுமாம். கட்டிலை வைக்கோல் கொட்டிலுக்குள் தள்ளிவிடலாமாம்.

மனிதர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். இருக்கிறேன் என்றால் வீடு போகும். இல்லை என்றால், கொப்பன்ஹேகனுக்கு எழுதிய விலாசம் பொய்யாகும். பொய் விலாசம் கொடுத்தவன் என்று பிடித்தால் குடும்பம் மட்டுமல்ல, தானும் போக வேண்டியதுதான் என்று நினைத்தார். இதற்குள் பக்கத்துப் பண்ணைக்காரன் வெர்னர் வேறு. செம்பட்டைத் தாடியும் பெரிய உடம்புமாக உழவு இயந்திரத்தில் எல்லைவேலியோடு வந்து நிறுத்தி, இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் இறங்கி வேலியிலிருந்து இவருடைய சுவர்வரை காலடியால் அளந்துகொண்டு வந்தான். அந்தோனிதாசன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாராம். வெர்னர் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

ஒக்டோபர் பதினொன்று செவ்வாய்க்கிழமை. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்ற்றிலிருந்து வந்தது ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். இறப்பர் சப்பாத்து, கழுத்தில் கமரா, கையில் அளவுநாடா, கக்கத்தில் மடித்த வரைபடம். சந்தேகத்தோடு நின்ற மாக்கிரட்டுக்குக் கை கொடுத்தாள். அந்தோனிதாசனுக்கும் கொடுத்தாள்.

சுவரை அளந்தாள். படம் எடுத்தாள். கமரா சொடுக்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய தோள் சிறிதாகத் துள்ளியதைப் பக்கத்தில் நின்று கண்டேன். பிறகு சமையலறைக்குள் வந்து, சட்டியையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தே கேட்டாள், இங்கே குடியிருக்கிறீர்களா என்று.

நான் தமிழில் சொன்னேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார். மாக்கிரட் யன்னல் பக்கம் திரும்பி நின்றாள். நான் இரண்டாம் தரம் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அவசரப்படுத்தியது போலாகும் என்று விட்டுவிட்டேன்.

"ஓம்" என்றார் கடைசியில். "நான் இஞ்சதான் இரிக்கன். என்ட மனிசியும் ரெண்டு பிள்ளைகளும் வரணும். அவங்களுக்காகத்தான் இந்த வீட்ட எடுத்தன். இந்த அம்மாவில குற்றம் இல்ல."

நான் அப்படியே டெனிஷில் சொன்னேன். மாக்கிரட் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, வரைபடத்தை மேசையில் விரித்தாள். அவர் கேட்காமலே விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அதற்கு இன்றைக்கும் நான் அவளுக்கு நன்றியோடு இருக்கிறேன். வரைபடத்தில் ஊர் ஒரு நிறம், வயல் வேறு நிறம். வயல் நிறத்துக்குள் புதிதாக வீடுகள் வர அம்ற் விடாது. நல்ல மண் ஒரு தரம் வீட்டுக்குக் கீழே போனால் திரும்பிக் கிடைக்காது என்பது ஒன்று. மற்றது, வயலுக்கு நடுவில் ஆட்கள் குடிவந்தால் நாளைக்குச் சாணி மணக்கிறது, இயந்திரம் இரைகிறது என்று முறையிடுவார்கள், கடைசியில் தொழிலை விடுவது கமக்காரன்தான். அதனால் வேலையாளுக்கான வீடாக இருந்தாலும் அனுமதி எடுத்தே ஆக வேண்டும். கோழிக்குக் கட்டிய இடம் கோழிக்குத்தான் என்றாள்.

தான் தமிழன் என்பதற்காக யாராவது முறைப்பாடு செய்தார்களா என்று கேட்கச் சொன்னார் அந்தோனிதாசன். அவள் கோப்பைத் திறந்து வெர்னரின் கடிதத்தைக் காட்டினாள். எல்லாம் திறந்த கோப்புத்தான், பார்க்கலாம் என்றாள். எட்டு வரிக் கடிதம். வெர்னர் பன்றித் தொழுவத்தைப் பெருப்பிக்க நினைத்திருந்தான். அயலில் குடியிருப்பு இருந்தால் குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் கட்டலாம். எல்லையிலிருந்து எண்பத்திரண்டு காலடியில் நிற்கிற அந்தக் கட்டடம் வீடா கோழிக்கொட்டிலா என்று கேட்டு எழுதியிருந்தான். அதில் தமிழன் என்ற சொல்லே இல்லை.

நிம்மதிப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குப் பன்றி, மண், தூரம் ஒன்றும் காதில் ஏறவில்லை. முடிவு எப்போது வரும் என்பதை மட்டும் கேட்டார். இரண்டு மூன்று மாதமாகும் என்றாள். குடும்ப விண்ணப்பத்துக்கு இந்த முடிவு இடைஞ்சலா என்று கேட்டார். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். அது தன்னுடைய அலுவலகம் இல்லை, தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். அவர் அதை, சொல்ல விரும்பவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பரில் மனிதர் உருகிக்கொண்டு போனார். அவர் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால் கடைகிற இயந்திரத்துக்குள் விரல் கொடுத்ததில் இரண்டு தையல் போட்டார்கள். அதற்குள் றெஜினாவிடமிருந்து தொலைபேசி. மட்டக்களப்பில் ஒரு கடையிலிருந்து எடுத்திருந்தாள். தெருவில் சோதனை கூடியிருக்கிறது, வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கப் பயமாக இருக்கிறது, றோசலினைக் கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறேன் என்றாள். பிறகு அழாமல், மிகவும் மெதுவாக, மாசியில் அவளுக்குப் பதினெட்டு என்று நினைவூட்டினாள். பதினெட்டு முடிந்தால் பிள்ளைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். கோழிக்கொட்டிலின் கதையை அவர் றெஜினாவுக்குச் சொல்லவில்லை. நல்ல வீடு, யன்னலால் பார்த்தால் வயல் தெரியும் என்று சொல்லியிருக்கிறார்.

அவருடைய நிலையைப் பார்த்து நானே சங்கத்தின் சட்ட ஆலோசகருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தோனிதாசன் எங்கள் வீட்டுக் கதிரையில் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஆலோசகர் சொன்னது இதுதான். அகதியின் மனைவி பிள்ளைகள் வருவது சட்டம் கொடுத்த உரிமை. அதற்கு வீடு காட்டத் தேவையில்லை. கோழிக்கொட்டிலில் இருந்தாலென்ன, மாளிகையில் இருந்தாலென்ன. அப்படியானால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டேன். இவருடைய கோப்பு மட்டுமில்லை, தனக்குத் தெரிந்த எல்லாத் தமிழருடைய கோப்பும் அப்படியே கிடக்கிறது, யாரோ மேலே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன் என்றார். றோசலினின் வயதை விண்ணப்பம் போட்ட திகதியில்தான் பார்க்க வேண்டும், அப்படித்தான் வாதாடுவேன், ஆனால் உறுதி தர முடியாது என்றும் சொன்னார்.

நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப வீடு காரணமில்லையா?" என்றார்.

"இல்லை அண்ணை. வீட்டுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

"வீடு எண்டா வேற வீடு தேடலாம்" என்றார். எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினார். அவ்வளவு நாளும் அவருடைய பயத்துக்கு ஒரு கூரையும் நாலு சுவரும் இருந்தன. ஓடித் திரிந்து ஏதோ செய்யலாம் என்று இருந்தது. இப்போது யாரிடம் போவது, எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. அந்தச் செய்தியை நான் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஜனவரியில் அம்ற்றின் முடிவு வந்தது. அனுமதி இல்லை. ஏப்ரல் முதலாம் திகதிக்கு முன் வெளியேற வேண்டும், சமையலறையைக் கழற்ற வேண்டும். மாக்கிரட்டுக்குக் குற்றப்பணம் போடவில்லை. அந்தோனிதாசன் ஊருக்குள்ளே, பழைய பால்சேகரிப்பு நிலையத்துக்கு மேலே, இரண்டு அறை பிடித்தார். அது வரைபடத்தில் ஊர் நிறத்துக்குள் இருக்கிறதா என்று என்னைக் கொண்டு அம்ற்றுக்குத் தொலைபேசி எடுப்பித்துக் கேட்ட பிறகுதான் சாவியை வாங்கினார்.

சாமான் ஏற்றுகிற நாளில் கேட்காமலே வெர்னர் இழுவைப்பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். அந்தோனிதாசன் முதலில் கதவைத் திறக்கவில்லை. மாக்கிரட் வந்து கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தார். வெர்னர் கட்டிலைத் தனியே தூக்கி ஏற்றினான், அடுப்பை ஏற்றினான், ஊருக்குள் கொண்டுபோய் மேல்மாடிவரை சுமந்து இறக்கினான். போகும்போது ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வாசலில் வைத்துவிட்டு, உங்களோடு எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னானாம். அது இரக்கமா, அவர் கெதியாக வெளிக்கிட வேண்டும் என்ற அவசரமா என்று அந்தோனிதாசனுக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. இரண்டும் இருக்கலாம் என்பார்.

மாசி வந்தது. றோசலினின் பிறந்தநாள் அன்று அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு விபோர்க் பேராலயத்தில் போய் இருந்தார். அது லுத்தரன் கோயில், இவர் கத்தோலிக்கர். அன்றைக்கு அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒருவர் வந்து, கோயில் பூட்டுகிற நேரம் என்று தோளைத் தொட்டுச் சொல்ல, திடுக்கிட்டு எழுந்து, போகிறேன் போகிறேன், பாஸ்போர்ட் இருக்கிறது என்று பையைத் தடவினாராம்.

அந்த வருடத் தொடக்கத்திலேயே கொப்பன்ஹேகனில் ஏதோ அசையத் தொடங்கிவிட்டது. பத்திரிகையில் கேள்விகள் வந்தன. கிடந்த கோப்புகளைத் திறக்கிறார்கள் என்று ஆலோசகர் சொன்னார். அந்தோனிதாசன் நம்பவில்லை. புதிய விலாசத்தைப் பதிவுத் தபாலில் மூன்று தரம் அனுப்பினார். தபால்காரன் பழைய பண்ணைக்குக் கொண்டுபோய்விடுவான் என்று, சனிக்கிழமைகளில் மாக்கிரட்டின் தபால்பெட்டியையும் போய்ப் பார்த்து வந்தார்.

ஜூன் நடுவில் கடிதம் புதிய விலாசத்துக்கே வந்தது. திறக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். நான் உறையைக் கிழிக்கும்போது, வாசிக்க வேண்டாம், எத்தனை பெயர் இருக்கிறது என்று மட்டும் எண்ணிச் சொல்லச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மூண்டு அண்ணை" என்றேன். "மூண்டு பேரும்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. திரும்ப எண்ணச் சொன்னார். எண்ணினேன். றோசலினின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

ஓகஸ்டில் கஸ்ட்ரூப் விமான நிலையத்தில் மூவரும் இறங்கினார்கள். மேரிகிறேஸ் தகப்பனை அடையாளம் காணாமல் தாய்க்குப் பின்னால் ஒதுங்கினாள். பத்தொன்பதில் நடக்கிற றோசலின், யாராவது தன்னைத் தனியே பிடித்து வைத்துவிடுவார்கள் என்பது போலத் தாயின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தாள். படகிலும் ரயிலிலும் வீடு வந்துசேரும்வரை அதை விடவேயில்லை என்று றெஜினா எனக்குச் சொன்னாள்.

பிறகு மூன்றரை வருடம் அவர்களுடைய வாழ்க்கை எல்லோருடையதையும் போலப் போனது. பிள்ளைகள் டெனிஷில் சண்டை பிடித்தார்கள். றெஜினா முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். 1993 ஜனவரியில், அந்தக் கோப்புகளைப் பற்றி விசாரிக்க நியமித்திருந்த நீதிபதியின் விசாரணை அறிக்கை வெளிவந்தது. தமிழர்களின் குடும்பங்களை வரவிடாமல் நீதி அமைச்சர் கோப்புகளை நிறுத்தி வைத்தது சட்டத்துக்கு மாறானது என்று அதில் இருந்தது. அரசாங்கம் பதவி விலகியது. அன்றிரவு எங்கள் வீட்டில் நாலைந்து பேர் கூடிக் கதைத்துக்கொண்டிருந்தபோது அந்தோனிதாசன் தொலைபேசி எடுத்தார். அரசாங்கம் விழுந்தது தமிழரால்தான் என்று நாளைக்கு நம்மிடம் கோபிப்பார்களா, வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். போங்கோ அண்ணை என்றேன். எனக்கும் உள்ளுக்குள் சிறிது பயம்தான். அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனார். காலையில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவருக்குப் பெரிய வில்லங்கமாகத் தோன்றியது. கோப்பி நேரத்தில், வேலையை மேற்பார்க்கிற போர்மன் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தார். படத்தில் பெரிய பெரிய ஆட்கள். அந்தோனிதாசன் அதைப் பார்க்காமல் குனிந்து பாண் தின்றார். காத்திருந்த தமிழரில் நீயும் ஒருவனா, எவ்வளவு காலம் காத்திருந்தாய் என்று போர்மன் கேட்டார்.

"இருபத்தொன்பது மாதம்" என்றார் இவர்.

போர்மன் மனதுக்குள் காலத்தைக் கணக்குப் பார்த்தார். அந்த நேரமெல்லாம் இங்கே, எங்களோடுதானே நின்றாய், ஒருநாளும் வாய் திறக்கவில்லையே என்றார். பயம், அதனால் சொல்லவில்லை என்றார் அந்தோனிதாசன். போர்மன் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மணி அடித்தது, இருவரும் எழுந்து இயந்திரத்துக்குப் போனார்கள்.

அன்று பின்னேரம் இதை எனக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் மேரிகிறேஸ் யாருடனோ டெனிஷில் சிரித்துக் கதைப்பது கேட்டது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவளை ஒருமுறை அதட்டிவிட்டு, நாளைக்கு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார்.